நாலாவது மூலை

நாற்பது நாற்காலி கேட்டால் இருபத்தெட்டுதான் வந்திருந்தது. அதிலும் மூன்றுக்குக் கால் ஆடியது. சின்னவள் அந்த மூன்றையும் தனியாக எடுத்து வாசலில் வைத்துவிட்டு, கொண்டுவந்த ஆளை நிறுத்திக் கேட்டாள்.

"இது என்ன, துக்கம் விசாரிக்க வர்றவங்க கீழ விழுந்து இன்னொரு துக்கம் ஆகணுமா?"

"கல்யாண சீசன் மேடம். இருந்ததே அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா போன்லயே சொல்லியிருக்கணும். போய் ஆடாத நாற்காலியா மூணு கொண்டு வாங்க. மீதியை எங்கேயிருந்து பிடிப்பீங்களோ தெரியாது, பதினோரு மணிக்குள்ள இங்க இருக்கணும்."

அந்த ஆள் தலையைச் சொறிந்துகொண்டு போனார். சின்னவள் அடுத்த வேலைக்குத் திரும்பினாள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு அக்கா இறந்துபோயிருந்தாள். எழுந்து, அடுப்பில் வெந்நீர் வைத்து, அது கொதிப்பதற்குள் சமையலறைத் தரையில் உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை. அத்தான் போன் செய்தபோது, "தண்ணி கொதிச்சு வத்திப்போச்சு" என்றுதான் முதலில் சொன்னார். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான், பிள்ளைகள் இல்லை. டாக்டர் வந்து இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக்கொடுத்தார். ஐம்பத்திரண்டு வயது. டாக்டர் ஐம்பத்தைந்து என்று எழுதியதைச் சின்னவள் அடித்துத் திருத்த வைத்தாள். "மூணு வருஷத்தைச் சும்மா எதுக்கு டாக்டர் கூட்டணும்?" என்று கேட்டாள்.

அதன் பிறகு அவள் உட்காரவே இல்லை. வண்டிக்குச் சொன்னாள், உறவுக்காரர்களுக்குச் சொன்னாள், இடுகாட்டுக்குப் பேசி மூன்று மணிக்கு நேரம் வாங்கினாள். சித்தி வந்து, முன்னறையில் அக்காவைத் துடைத்துக் கிடத்தி, வெள்ளைத் துணி போர்த்திப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அம்மா போன பிறகு அம்மா ஸ்தானத்துக்குத் தானாகவே பதவியேற்றுக்கொண்டவள் சித்தி. சின்னவள் அந்த அறைக்குள் போகவில்லை. வாசற்படியில் நின்றபடியே "ஜன்னலைத் திறங்க", "ஃபேனைக் குறைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். செத்த வீட்டில் ஒருவராவது தெளிவாக இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

எட்டு மணிக்கு வேலைக்காரர்கள் வந்தார்கள். வேலைக்காரர்கள் என்றால் அக்காவோடும் சின்னவளோடும் வீடு கட்டுகிறவர்கள்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் நிலநடுக்கம் வந்து ஊரில் பாதி வீடுகள் உட்கார்ந்துவிட்டன. வசதி உள்ளவர்கள் கட்டிக்கொண்டார்கள். கட்டிக்கொள்ள வழியில்லாதவர்களுக்கு, துணையில்லாத பெண்களுக்கும் கை கால் இழந்தவர்களுக்கும் தனியாகக் கிடக்கும் கிழவர்களுக்கும், ஒரு தொண்டு நிறுவனம் வீடு கட்டித் தர ஆரம்பித்தது. ஆள் போதாமல் பெண்களுக்கும் வேலை கற்றுக்கொடுத்தார்கள். அக்காவும் தங்கையும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு வருடத்துக்குள் அக்காவுக்குக் கை, தங்கைக்கு வாய் என்பது நிறுவனத்துக்குப் புரிந்துவிட்டது. அக்கா தொடர்ந்து கம்பி கட்டினாள். கட்டியதைச் சரிபார்க்கிற வேலை சின்னவளுக்கு வந்தது. வேலைக்காரர்களுக்கு அவர்கள் பெரியக்கா, சின்னக்கா.

அந்த நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. கட்டியவர் பார்க்கக்கூடாது, பார்ப்பவர் கட்டக்கூடாது. சுவர் எழும்பி முடிந்ததும் அதன் தலைமேல் நான்கு பக்கமும் சுற்றிக் கம்பி கட்டி, ஒரே மூச்சில் கான்கிரீட் போடுவார்கள். அதற்குப் பெல்ட் என்று பெயர். பூமி ஆடினால் சுவர்கள் ஆளுக்கொரு பக்கமாக விழாமல் நான்கும் சேர்ந்து ஆட வேண்டும், அதற்குத்தான் அது. பெல்ட்டின் உயிர் மூலையில் இருக்கிறது. மூலையில் தனியாக வளைத்த கம்பிகளைப் போட்டு இரண்டு பக்கத்தையும் பிணைக்க வேண்டும். சரிபார்ப்பவர் சாரத்தில் ஏறி, ஒவ்வொரு முடிச்சையும் அசைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் அந்த மூலையில் கான்கிரீட்டுக்கு அணைப்பாக அடித்த பலகையின் வெளிப்பக்கத்தில் நீலப் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பார். நான்கு மூலைக்கும் நீலம் இல்லாமல் மிக்சரை ஓட்டக்கூடாது.

கொத்தனார் முன்னறைக்குள் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவருக்கு 'அவசரம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. காலைச் சாப்பாட்டில் கை நனைக்கும்போதே மதியத்துக்கு என்ன என்று கேட்பவர்.

"சின்னக்கா, ஒண்ணு கேக்கணும். கேக்கற நேரமில்ல, ஆனா கேட்டுத்தான் ஆகணும்."

"கேளுங்க."

"அறுபத்தொண்ணாவது வீட்டுக்கு இன்னைக்குப் பெல்ட். மிக்சர் வந்து நிக்குது. நாளையிலயிருந்து ஒரு வாரத்துக்கு மழைன்னு சொல்றாங்க. நிறுத்திடவா?"

"எதுக்கு நிறுத்தணும்? போடுங்க."

"இல்ல, பெரியக்கா இப்படிக் கிடக்கும்போது..."

"நிறுத்தினா அவளே எழுந்து வந்து திட்டுவா. கம்பி கட்டியாச்சு, புள்ளி வச்சாச்சு, இன்னும் என்ன? ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சா ஒரு மணி சுமாருக்கு முடிச்சிடுவீங்க. கை காலைக் கழுவிட்டு எல்லாரும் மூணு மணிக்கு வந்துடுங்க."

கலவை சுமக்கிற பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெரியக்கா கடைசியாக் கட்டினது. நல்லபடியா போட்டு முடிச்சிட்டு வர்றோம்" என்றாள். அவர்கள் போனபோது நடையில் ஒரு வேகம் இருந்தது. சின்னவளுக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. இப்படி ஒரு காரியம் அக்காவுக்குப் பிடித்திருக்கும் என்று நினைத்தாள்.

பதினோரு மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் அவளுக்கு அத்தானின் நினைவு வந்தது. காலையிலிருந்து அவரை யாரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வைக்கவில்லை. அவர் தையல்காரர். நடையில் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எப்போதுமே குறைவாகப் பேசுகிறவர். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஊசியில் நூல் கோத்துவிடலாம்.

"டீயைக் குடிங்க அத்தான். வெறும் வயித்தோட எவ்வளவு நேரம் இருப்பீங்க?"

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

"நேத்து சீக்கிரமே வந்துட்டா" என்றார்.

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சு இருக்கும். மூச்சு வாங்குதுன்னா. படுத்துக்கோன்னு சொன்னேன். கேக்கல. இதே ஸ்டூல்ல உக்காந்திருந்தா." டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றினார். "காலையில ஆறு மணிக்கே கிளம்பணும், வெந்நீரைச் சீக்கிரமா வைக்கணும்னா. என்ன அவ்வளவு அவசரம்னு கேட்டேன். மூணு மூலைதான் முடிஞ்சுது, தண்ணித்தொட்டிப் பக்கத்து மூலையில கம்பி கட்டாம கிடக்குது, போய்க் கட்டினா மிக்சர் ஓட்டறதுக்குள்ள ஆயிடும்னா."

சின்னவள் அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"நாலாவது மூலையா?"

"ஆமா. தங்கச்சிக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடேன்னு சொன்னேன். எதுக்குன்னா. அவ ஏறிப் பாக்கும்போது அவளுக்கே தெரியப்போகுது, அந்த மூலைக்கு எப்படியும் புள்ளி வைக்க மாட்டா, அவ கண்ணுக்குத் தப்பி ஒண்ணு போயிடுமான்னு சிரிச்சா."

சின்னவள் நேற்று மாலை ஐந்தே முக்காலுக்குத்தான் அந்த வீட்டுக்குப் போனாள். ஆபீசில் கூட்டம் இழுத்துவிட்டது. ஆட்கள் எல்லாம் கிளம்பியிருந்தார்கள். சிமெண்டு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு நீளக் குச்சியை எடுத்தாள். அதன் முனையில் பிரஷ் கட்டியிருந்தது. கீழே நின்றபடியே நான்கு மூலைக்கும் நீலம் வைத்துவிட்டுக் கிளம்பினாள். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அது முதல் தடவையும் அல்ல. சின்னவள் பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து ஐம்பத்து நான்காவது வீடுவரை ஒரு மூலை விடாமல் ஏறி ஏறிப் பார்த்திருக்கிறாள். அக்கா கட்டியதில் ஒரு முடிச்சுகூடத் தளர்ந்து கிடைத்ததில்லை. அக்காவின் வேலையில் போய்க் குற்றம் தேடுவதா என்று, ஐம்பத்தைந்தாவது வீட்டுக்கு அந்தக் குச்சியைச் செய்துகொண்டாள்.

கொத்தனாரின் போனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மிக்சர் ஓடும்போது அவர் காதில் இடி விழுந்தாலும் கேட்காது. மறுபடி அடித்துவிட்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"எங்கடி கிளம்பிட்டே?" என்றாள் சித்தி உள்ளேயிருந்து.

"சைட்டுக்கு. ஒரு மூலை கட்டாம விட்டுப்போச்சு. மூடறதுக்குள்ள போகணும்."

"கூடப் பிறந்தவ பொணமாக் கிடக்கறா, உனக்கு வேலை கேக்குதா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு என்ன சொன்னாலும் கேட்டு வச்சுக்கோங்க சித்தி. வந்ததும் எனக்குச் சொல்லுங்க."

முன்னறையில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். சித்தி எழுந்து வாசலை மறிக்க வந்தாள். அத்தான் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"போகட்டும் சித்தி" என்றார். "மூணு மணிக்கு எடுக்கறதை நாலு மணிக்கு எடுத்தா ஒண்ணும் குடிமுழுகிடாது."

அன்று காலையிலிருந்து அவர் எழுந்து நின்றது அதற்கு மட்டும்தான்.

வழியில் அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. "என்னை எதுக்குக்கா அவ்வளவு நம்பினே?" என்று ஹெல்மெட்டுக்குள் சத்தமாகவே கேட்டாள். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். தானும் அவளை அதே மாதிரிதான் நம்பினோம் என்பது இரண்டு தெரு தாண்டிய பிறகு உறைத்தது. ஒருத்தியை ஒருத்தி நம்பியதில் நடுவில் ஒரு மூலை விட்டுப்போயிருந்தது. அவள் வேகத்தைக் கூட்டினாள்.

தெருமுனையிலேயே மிக்சரின் சத்தம் கேட்டது. அந்தத் தெருவில் ஒரு வீடு புதியது என்றால் அடுத்தது தார்ப்பாய். அறுபத்தோராவது வீடு துணிகளுக்கு இஸ்திரி போடுகிற ஒரு பெண்ணுக்கு. அவள் கணவனுக்கு இரண்டு காலும் சுவருக்கு அடியில் போய்விட்டன. இரண்டு பெண் பிள்ளைகள். மூன்று வருடமாக அவர்கள் நான்கு பேரும், இஸ்திரி மேசையும், ஊராருடைய சட்டைகளும் ஒரே தார்ப்பாய்க்கு அடியில் இருந்தார்கள்.

கொத்தனார் எப்போதும் தெருப்பக்கத்து மூலையில் தொடங்கி, இரண்டு பக்கமாகவும் போட்டுக்கொண்டே வந்து பின்பக்கத்து மூலையில் முடிப்பார். இந்த வீட்டில் அது தண்ணீர்த்தொட்டி இருக்கிற மூலை. சின்னவள் பின்பக்கம் ஓடினாள். ஒரு பக்கம் பத்தடி பாக்கி இருந்தது, இன்னொரு பக்கம் ஐந்தடி. மூலைப் பலகையில் அவள் வைத்த நீலப் புள்ளி பளிச்சென்று இருந்தது.

"நிறுத்துங்க!"

யாருக்கும் கேட்கவில்லை. அவள் நேராகப் போய் மிக்சரின் சுவிட்சை அணைத்தாள். திடீரென்று வந்த அமைதியில் எல்லோரும் திரும்பினார்கள்.

"சின்னக்கா? என்ன ஆச்சு? அங்க யாருக்காவது..."

"நாலாவது மூலை கட்டல."

கொத்தனார் மூலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "புள்ளி இருக்கே."

"நான் கீழ நின்னு வச்ச புள்ளி அது. ஏறிப் பாக்கல. அக்கா வேலைதானேன்னு விட்டுட்டேன். அவ மூணு மூலைதான் கட்டியிருக்கா." தண்ணீர் குடிக்க வேண்டும்போல் இருந்தது. குடிக்காமல் கேட்டாள். "எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ஈரச்சாக்கு போட்டு ரெண்டு முனையையும் மூடினா ஒரு மணி நேரம். அதுக்கு மேல போனா பழசும் புதுசும் ஒட்டாது."

"போதும்."

செருப்பைக் கழற்றிவிட்டுச் சாரத்தில் ஏறினாள். நீளக் கம்பிகள் இரண்டு பக்கமிருந்தும் வந்து மூலையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தோன்றும். பிணைப்பு இல்லை. வளைத்த கம்பிகள் நான்கும் பலகைக்குள் வரிசையாகப் படுத்திருந்தன. கம்பிகளைச் சுற்றிப் பிடிக்கிற ரிங்குகள் ஒரு பக்கமாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. அளந்து, வளைத்து, கட்ட வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே எல்லாவற்றையும் வைத்துவிட்டுத்தான் அக்கா இறங்கியிருக்கிறாள். ஏறிப் பார்க்கிற யாருக்கும் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

இஸ்திரிக்காரப் பெண் கீழே வந்து நின்றாள்.

"அந்த மூலைக்கு அடியிலதான் இவருக்குக் கட்டில் போடறதா இருக்கோம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கணக்குப் பார்க்கிற குரல். "நீங்க வராம இருந்திருந்தா?"

"கான்கிரீட் மூடியிருக்கும். யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

தார்ப்பாய்க்கு அடியில் கட்டிலில் இருந்த அவள் கணவன், "பூமிக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றான்.

சின்னவள் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். சாரத்தில் நின்றபடியே ஆபீசில் இன்ஜினியரம்மாவுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள். நடந்ததை நான்கு வாக்கியத்தில் சொன்னாள். ஐந்தாவதாக, "ஐம்பத்தஞ்சுலயிருந்து அறுபதுவரைக்கும் ஆறு வீட்டுக்கும் நான் ஏறிப் பாக்கல மேடம். இருபத்துநாலு மூலை. கான்கிரீட்டுக்குள்ள கம்பி தேடற மிஷினை வச்சு எல்லாத்தையும் பாத்துடணும்" என்றாள்.

"உங்க அக்கா இன்னைக்குத்தானே... இதையெல்லாம் இன்னைக்குப் பேச வேண்டாமே."

"இன்னைக்கே பேசணும் மேடம். நாளைக்கு எனக்கு இந்தத் தைரியம் இருக்குமோ என்னமோ."

"சரி. மிஷினுக்குச் சொல்றேன். இப்ப அந்த மூலையை யார் கட்டறது, யார் பாக்கறது?"

கொத்தனார் கீழேயிருந்து கையைத் தூக்கினார். "நான் கட்டறேன், சின்னக்கா பாக்கட்டும்."

"வேண்டாம்" என்றாள் சின்னவள். "நான் பாக்கற லட்சணம்தான் நேத்தே தெரிஞ்சு போச்சே. நான் கட்டறேன், நீங்க பாருங்க."

"புள்ளி வைக்கற உத்தியோகம் எனக்கு இல்லையே."

"இன்னைக்கு இருக்கு" என்று போனில் இன்ஜினியரம்மா சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "நாலு பக்கமும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க."

கம்பி முறுக்கிக் கட்டுகிற கொக்கியைப் பிடித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதல் இரண்டு முடிச்சும் வழுக்கிக்கொண்டு போயின. கட்டுக்கம்பி விரலைக் கிழித்தது. சின்னவள் வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு மூன்றாவது முடிச்சைப் போட்டாள். பிறகு கைக்கு ஞாபகம் வந்துவிட்டது. வளைத்த கம்பிகள் எம்.எம். பிசகாமல் உட்கார்ந்தன. அக்கா அவ்வளவு துல்லியமாக வளைத்திருந்தாள். ரிங்குகளை இழுத்து இடம் பார்த்து வைத்துக் கட்டினாள். கலவை சுமக்கிற பெண்கள் ஈரச்சாக்கின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். இருபத்தைந்து நிமிடத்தில் முடித்து, ஒரு முறை தானே எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

"ஏறிப் பாருங்க. நான் கட்டினேன்னு சும்மா விடாதீங்க."

அவசரம் ஏறினார். அந்த மனிதர் அன்றுதான் வாழ்நாளில் முதல் தடவையாக நிதானமாக ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு முடிச்சாகப் பிடித்து அசைத்தார். எண்ணினார். எண்ணியது சரியா என்று மறுபடி எண்ணினார். குனிந்து பலகைக்குள் தலையை விட்டார். அவர் தலை வெளியே வருவதற்குள் இஸ்திரிக்காரப் பெண் இரண்டு தடவை "சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

கொத்தனார் தொண்டையைக் கனைத்தார். அவருக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது.

"சின்னக்கா... மூணாவது ரிங்கு, உள்பக்கம். ஒண்ணு ஆடுது."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டு மறுபடி ஏறினாள். முடிச்சை அறுத்துவிட்டுப் புதிதாகப் போட்டு முறுக்கினாள். கொத்தனார் பிடித்து ஆட்டினார், இன்னும் பலமாக ஆட்டினார்.

"இப்ப ஆடல."

சின்னவள் பழைய நீலத்தைக் கொத்துக்கரண்டியால் சுரண்டி எடுத்தாள். கொத்தனார் பிரஷ்ஷை வாங்கி, அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு அப்பினார். அதைப் புள்ளி என்று சொல்ல முடியாது. போட்டோ போனது, சரி என்று பதில் வந்தது, மிக்சர் மறுபடி ஓட ஆரம்பித்தது. இரண்டு பக்கத்துக் கான்கிரீட்டும் வந்து மூலையில் சேர்ந்து கம்பி மறைகிறவரை அவள் நின்று பார்த்தாள். அப்புறம்தான் செருப்பைத் தேடினாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. நாற்காலிகள் நாற்பதும் வந்திருந்தன, எதுவும் ஆடவில்லை. சித்தி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டியா மகராசி?"

"வந்துட்டேன். ஊரு என்ன சொல்லுச்சு சித்தி?"

சித்தி ஒரு நிமிடம் முறைத்தாள். சின்னவளின் கையிலிருந்த கீறல்களையும் காய்ந்த ரத்தத்தையும் பார்த்தாள். "ஊருக்கு என்ன, டீயில சர்க்கரை போதலைன்னு சொல்லுச்சு" என்றாள். "போய்க் கையைக் கழுவு. முடிஞ்சுதா அந்த மூலை?"

"முடிஞ்சுது."

அத்தானிடமும் போய்ச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். அவர் டம்ளர் காலியாக இருந்தது.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. சின்னவள் ஓட்டுநருக்கு வழிகாட்டி, பின்பக்கமாக எடுக்கச் சொல்லி, வாசலில் நிறுத்த வைத்தாள். வேலைக்காரர்கள் சொன்னபடி வந்துவிட்டார்கள். கை கால் கழுவியிருந்தாலும் முழங்கைக்கு மேலே எல்லோருக்கும் சாம்பல் நிறம் அப்படியே இருந்தது. இஸ்திரிக்காரப் பெண்ணும் வந்து பின்வரிசையில் நின்றாள். பெட்டியை உள்ளே கொண்டுபோய் அக்காவை அதில் கிடத்தினார்கள். சின்னவள் வாசற்படியில் சான்றிதழ் ஃபைலை மார்போடு வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லாமலே அவர்கள் சரியாகத்தான் செய்தார்கள்.

"பாக்கறவங்க எல்லாரும் பாத்தாச்சா?" என்று வண்டியோடு வந்தவர் மூடியைத் தூக்கியபடி கேட்டார்.

"எல்லாரும் பாத்தாச்சு. மூடுங்க" என்றாள் சித்தி.

"இருங்க" என்றாள் சின்னவள். "நான் இன்னும் பாக்கல."

"காலையிலயிருந்து இங்கதானேடி நிக்கறே?"

"நின்னேன் சித்தி. பாக்கல."

ஃபைலை அத்தானிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வண்டியோடு வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொத்தனார் அவர் தோளில் கை வைத்தார்.

அவள் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் மண்டியிட்டாள். அக்காவின் நெற்றியில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி விழுந்த கோடுகள் இருந்தன. ஹெல்மெட் பட்டை பட்ட இடத்தில் தாடையின் தோல் வெளுத்திருந்தது. இடது புருவத்தில் சின்ன வயதில் கதவில் இடித்துக்கொண்ட தழும்பு. அதை இத்தனை வருடமும் வலது புருவத்தில் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வலது கையை எடுத்து விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தாள். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் தோல் காய்த்துத் தடித்திருந்தது. கையைப் பழையபடி வைத்தாள்.

முகத்தை மெல்லத் திருப்பினாள். இடது காதுக்குப் பின்னால், காலையில் துடைத்தவர்கள் கண்ணில் படாமல், கடுகளவு சிமெண்டு காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். வரவில்லை. விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, கொஞ்ச நேரம் அதன்மேல் வைத்திருந்து, மறுபடி சுரண்டினாள். வந்துவிட்டது.

பிறகு வலது காதுக்குப் பின்னாலும் பார்த்தாள்.